இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்: மிஸ் அடிக்கும் டீசல் பிக்கப்

பிக்கப் வண்டி பட்டறைக்கு வரும்போது டிரைவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "புல்லிங் இல்லைங்க, மிஸ் அடிக்குது." கேட்க ஒன்று போலிருந்தாலும் இதில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. சில சமயம் சேர்ந்து வரும், பல சமயம் தனித்தனியாக வரும்.

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிகிறது. ஐடிலில் கேபின் உதறும், சைலன்சர் சத்தத்தில் தாளம் தப்பும். புல்லிங் இல்லை என்பது வேறு. எல்லா சிலிண்டரும் ஒழுங்காக எரியும், இன்ஜின் வழவழவென்று ஓடும், மேடு வந்தால் மட்டும் மூச்சு வாங்கும். காற்று போதவில்லை, டீசல் போதவில்லை, அல்லது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவே வேண்டுமென்று அடக்கி வைத்திருக்கிறது. முதல் வகைக்குக் காரணத்தை ஒரு சிலிண்டருக்குள் தேட வேண்டும். இரண்டாம் வகைக்கு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கழற்றி டீசல் பம்ப் கடைக்கு அனுப்புவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. செலவில் பெரியது அதுதான், பல சமயம் குற்றமில்லாததும் அதுதான்.

இங்கே பேசுவது காமன் ரெயில் (ஒரு பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி, இசியூ சொல்லும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தெளிக்கும் முறை) டீசல் பிக்கப்புகளைப் பற்றி: பொலிரோ பிக்கப், தோஸ்த், அந்த வகையறா. 2005-ல் வந்த டாட்டா ஏஸ், அதாவது பழைய குட்டி யானை, 702 சிசி, இரண்டே சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப். அதற்குச் சோதனை மாறும் இடத்தை அங்கேயே சொல்கிறேன். சிலிண்டர் எண்ணிக்கையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் பொலிரோவில் ஒன்று செத்தால் கால் பங்கு போகும், டிரைவர் ஒரு வாரம் சமாளித்து ஓட்டிவிடுவார். மூன்று சிலிண்டர் தோஸ்த்தில் ஒன்று போனால் ஐடிலில் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. ஏஸில் பாதி இன்ஜினே போச்சு.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

வண்டியைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் டிரைவரிடம் பேசினால் பாதி வேலை முடியும். எப்போது வருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையோடு உதறி, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறதா? குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு), இல்லையென்றால் இன்ஜெக்டர் நாசில் சொட்டுவது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சூட்டில் பட்டென்று அணைந்து, அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறதா? இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை முதலில் பாருங்கள். சமதரையில் ஒழுங்காகப் போய், திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மட்டும் படுத்துவிடுகிறதா? டீசல் ஃபில்டர், அல்லது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஹோஸ். நாற்பது நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து, ஓரம் கட்டி நிறுத்தி டீ குடித்து வந்தால் மறுபடி சரியாகிறதா? டேங்க்குக்குள் இருக்கும் சல்லடையைக் குப்பை மூடுகிறது, நிறுத்தியதும் கீழே உதிர்கிறது. இதே குணம் டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்தாலும் வரும். அடுத்த முறை படுக்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உயிர் பெற்றால் செலவு ஒரு மூடியோடு முடிந்தது.

டீசல் போட்ட அன்றிலிருந்தா? தண்ணீர். வாட்டர் வாஷ் விட்ட மறுநாளா? கனெக்டர். யாராவது வேலை பார்த்த பிறகா? அவர் கை வைத்த இடத்திலிருந்து தொடங்குங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம், ஆனால் அதிகம் பலன் தருவது இதுதான்.

இன்ஜினே அல்லாத காரணங்களையும் இப்போதே கழித்துவிடுங்கள். நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். பத்து கி.மீ. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து நாலு ஹப்பையும் தொடாமல் அருகில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றிவிட்டு புல்லிங் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களுக்கு ஸ்கேனரில் மருந்து கிடையாது.

புகை சொல்வது

கருப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ், திறந்தபடி மாட்டிக்கொண்ட இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு), அல்லது அதிகம் ஊற்றும் இன்ஜெக்டர். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதவில்லை, அல்லது இசியூ அடக்குகிறது. இந்த ஒரு வித்தியாசம் தேடும் பாதையை இரண்டாகப் பிரிக்கும். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டியில் மட்டும் இதை நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி கரியைப் பிடித்துவிடுவதால் சைலன்சர் முனை சுத்தமாகவே இருக்கும்.

வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் எரியாத டீசல். கண்ணை எரிக்காமல் ஆவி மாதிரி வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை ஆயில்.

ஸ்கேனர் போட்டால்

ஸ்கேனரில் கோடு (இசியூ பதிந்து வைக்கும் பிழை எண்) வந்த பாகத்தை மாற்றிவிடுவது ஒரு வியாதி. பி0087 என்பது ரெயில் பிரஷர் குறைவு. அந்தக் கோடு பம்ப் போய்விட்டது என்று சொல்லவில்லை, பிரஷர் வரவில்லை என்றுதான் சொல்கிறது. மலிவான ஃபில்டர் அடைத்தாலும் அதே கோடுதான். பி0299 டர்போ காற்று போதவில்லை என்பது. பத்தில் பல தடவை டர்போ நன்றாகவே இருக்கும், ஹோஸ் கிளிப்தான் தளர்ந்திருக்கும். பி0301 முதல் பி0304 வரை எந்த சிலிண்டரில் மிஸ் என்று காட்டும். சில வண்டிகளில் அதற்குப் பதிலாக பி0263, பி0266, பி0269, பி0272 வரும். இவை முறையே 1, 2, 3, 4-ஆம் சிலிண்டர் தன் பங்கைச் சரியாகத் தரவில்லை என்பவை. பி0201-லிருந்து பி0204 வந்தால் அது அந்தந்த இன்ஜெக்டரின் மின்சுற்று, அதாவது வயர், கனெக்டர், காயில்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் பிடித்து வையுங்கள். கோடு விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, சூடு என்ன, லோடு என்ன என்பது அதில் இருக்கும். அழித்தால் போய்விடும்.

பிழைக் கோடைவிட லைவ் டேட்டாதான் (சென்சார்கள் அந்தந்த நொடியில் காட்டும் அளவுகள்) பேசும். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு மேனிஃபோல்டு பிரஷரை (இன்ஜினுக்குள் காற்று போகும் வழியின் அழுத்தம்) பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவு, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அளவு. சென்னையில் 85 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, இசியூ அந்தப் பொய்யை நம்பி டீசலைக் குறைக்கிறது. ரெயில் பிரஷர் சென்சார் இன்ஜின் நின்று சில நிமிடம் ஆனபின் பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும், சிக்னல் 0.5 வோல்ட் பக்கம் இருக்கும். நின்ற இன்ஜினில் 60 பார் காட்டும் சென்சாரோடு எந்தச் சோதனையும் செய்து பயனில்லை.

அடுத்து, வண்டியை லோடோடு ஓட்டி, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் மேடு ஏறும்போது இரண்டு ஜோடிகளைப் பதிவு செய்யுங்கள்: இசியூ கேட்ட ரெயில் பிரஷர், கிடைத்த ரெயில் பிரஷர், கேட்ட பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), கிடைத்த பூஸ்ட். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் டர்போ வேலை செய்யாது, ஃபில்டர் அடைப்பும் தெரியாது. ஐடிலில் 250 முதல் 350 பார் வரை அநேகமாக எல்லா வண்டியும் காட்டும். 1,400 பார் கேட்கும்போது 1,100-க்கு மேல் போக மறுக்கிறதா என்பதுதான் கேள்வி. கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போய், ஆனால் கேட்பதே குறைவாக இருந்தால் இசியூ அடக்குகிறது. அப்படியானால் டீசல் பக்கம் போகவே வேண்டாம், மின்சாரப் பக்கம் போங்கள்.

டீசல் வரும் வழி

பிரஷர் ஏறவில்லை என்றால் டேங்க்கிலிருந்து முன்னோக்கி வாருங்கள், இன்ஜெக்டரிலிருந்து பின்னோக்கி அல்ல.

ஃபில்டரின் அடி திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் 200 மில்லி பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், கோடு போட்ட மாதிரி தெரியும். ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் பழக்கமும் நல்லது. கருப்புக் குழம்பு என்றால் டேங்க் கழுவ வேண்டும். வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் நிலைமை வேறு: ஹை பிரஷர் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த உலோகத்தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன், டேங்க் எல்லாவற்றிலும் போயிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் சில நாளில் அதே கதிதான். மண்ணெண்ணெய் கலந்த டீசலும், மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றும் பெயர் தெரியாத எண்ணெய்களும் இதற்கு நேர்வழி. காமன் ரெயில் பம்புக்குப் பெரும்பாலும் டீசல்தான் மசகு எண்ணெய், தனியாக ஆயில் கிடையாது.

டேங்க்குக்கும் பம்புக்கும் இடையே டீசலை உறிஞ்சி இழுக்கும் வண்டிகளில் ஓட்டை இருந்தால் டீசல் கசியாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே தெரியாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பம்புக்குப் போகும் ஹோஸில் ஓரடி ஒளி ஊடுருவும் குழாயைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஃபில்டர் மாற்றியதும் சிறு குமிழ் சில நிமிடம் வரும், அது சகஜம். தொடர்ந்து சரம் சரமாக வந்தால் ஃபில்டர் ஓ-ரிங், ஹேண்ட் பிரைமர், வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரவு நிறுத்தி காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பதும் இதன் அடையாளம்தான்.

வழி முழுவதையும் ஒரே அடியில் கழித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல், புது ஃபில்டர், குட்டையான ஹோஸ். சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் கேனுக்கே கொடுத்து ஓட்டுங்கள். கேனை இன்ஜின் சூடு படாத இடத்தில் நன்றாகக் கட்டிவைக்க வேண்டும். பிரஷர் கேட்டபடி ஏறினால் குற்றவாளி டேங்க் பக்கம். ஏறவில்லை என்றால் அடுத்து பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு, அளவு மீறிய அழுத்தத்தை வெளியேற்ற ரெயில் முனையில் இருக்கும் பிரஷர் லிமிட்டர், கடைசியில் பம்ப். மீட்டரிங் வால்வு ஒட்டினால் ஐடில் மேலும் கீழும் ஆடும்; காயில் பெரும்பாலும் 3 ஓம் அளவு இருக்கும். லிமிட்டரைச் சோதிப்பது சுலபம். அதன் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட்டுங்கள். ஐடிலில் அங்கிருந்து டீசல் வரவே கூடாது.

எந்த சிலிண்டர்?

மிஸ் அடிக்கும் வண்டிக்கு வருவோம். பழைய ஏஸில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் தடுமாறும், செத்த சிலிண்டர் என்றால் சத்தமே மாறாது. காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே 300 பார். ஊசி முனை அளவு ஓட்டையில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம். அப்படிப் பட்டால் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேடுவதற்கும் விரலை ஓட்டாதீர்கள், அட்டைத் துண்டு போதும். பைப்பைக் கழற்றுவதென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரஷர் இறங்கியதை ஸ்கேனரில் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

காமன் ரெயிலுக்கு வழி: ஸ்கேனரில் சிலிண்டர் கட்-ஆஃப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி ஒரு இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து வித்தியாசம் பாருங்கள். ஓடும்போது கழற்ற வேண்டாம், அந்த வயரில் 60 வோல்ட்டுக்கு மேல் பாயும். விழுந்த கோடுகளை முடிவில் அழித்துவிடலாம். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உதவும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் சுட்டிப் பாருங்கள். எரியாத சிலிண்டரின் கிளை மற்றவற்றைவிட நன்றாகவே ஆறிப்போயிருக்கும். தாமதித்தால் சூடு பரவி எல்லாம் ஒன்றாகிவிடும்.

சிலிண்டர் தெரிந்துவிட்டது என்பதற்காக இன்ஜெக்டர் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்கேனரில் வரும் கரெக்‌ஷன் எண்ணுக்கும் (சிலிண்டர்களைச் சமமாக்க இசியூ கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு) இது பொருந்தும். ஒரு சிலிண்டருக்கு 3 மி.கி.க்கு மேல் கூட்டிக் கொடுத்தால் பொதுவாகச் சந்தேகப்படலாம். ஆனால் இசியூ பார்ப்பது கிராங்க் சுற்றும் வேகத்தை மட்டும்தான். வேகம் குறைந்தது டீசல் குறைவாலா, கம்ப்ரஷன் குறைவாலா என்று அதற்குத் தெரியாது.

அதனால் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது இன்ஜெக்டர் திருப்பி அனுப்பும் டீசலை அளப்பது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் தனிக் குழாய் மாட்டி, ஒரே அளவுள்ள பாட்டில்களில் விட்டு, சூடான இன்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்டுங்கள். மொத்த மில்லியைவிட, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று பாட்டிலில் 15 மில்லி, ஒன்றில் 45 என்றால் அந்த ஒன்று உள்ளே தேய்ந்துவிட்டது. அது பிரஷரையும் குடிக்கும், வண்டி சூடானால் ஸ்டார்ட் ஆகவும் மறுக்கும். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு பத்து விநாடி செல்ஃப் அடித்து இதே டெஸ்ட்டைச் செய்யலாம். நல்ல இன்ஜெக்டரில் அப்போது துளிகூட வராது, வந்தால் மிகக் கொஞ்சம். மின்காந்தக் காயிலால் திறக்கும் சொலினாய்டு இன்ஜெக்டருக்கு மட்டும் இந்த முறை. மின்சாரம் பட்டால் நீளும் படிகத்தால் திறக்கும் பீஸோ வகைக்குச் செய்யாதீர்கள். சொலினாய்டு காயிலின் மின்தடை பெரும்பாலும் 0.2 முதல் 0.5 ஓம். சாதாரண மல்ட்டிமீட்டரின் வயரே 0.2 காட்டும், அதைக் கழித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இன்ஜெக்டர் குழியைச் சுற்றித் தார் மாதிரி கரி கெட்டியாகப் படிந்திருந்தால், ஐடிலில் "சக் சக்" என்று மூச்சு விடும் சத்தம் கேட்டால், அடியில் இருக்கும் காப்பர் வாஷர் விட்டுவிட்டது. எரியும் வாயு அந்த வழியே மேலே வருகிறது. சும்மா வாஷரை மட்டும் மாற்றினால் மறுபடி விடும், அது உட்காரும் தளத்தைக் கட்டர் போட்டுச் சமமாக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது, தடிமனும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் டீசல் தெளிக்கும் இடம் பிஸ்டன் குழியில் மாறிவிடும். கீழே பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருக்க மேலே புதியதைப் போட்டு இரண்டாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரிட்டர்ன் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன். எல்லா ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, முழு சார்ஜ் பேட்டரியோடு, டீசலுக்கான கேஜை மாட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு சுற்று செல்ஃப் அடியுங்கள். நல்ல டீசல் இன்ஜின் பொதுவாக 25 முதல் 30 பார் காட்டும். 20-க்குக் கீழே போனால் காலை ஸ்டார்ட் கஷ்டம். ஒன்றுக்கொன்று 3, 4 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு கிளியரன்ஸ், வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று போக வேண்டியதுதான். இரண்டு பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கெட். ரிங் சந்தேகம் என்றால் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி குதித்து விழுந்தால் காற்று கீழே இறங்குகிறது. பெட்ரோல் இன்ஜினில் செய்வது போல சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிப் பார்க்காதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும்.

இத்தனையும் தாண்டி இன்ஜெக்டர்தான் என்று வந்தால் மாற்றுங்கள். அதன் தலையில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியூவுக்கு எழுத வேண்டும். புது இன்ஜெக்டர் போட்டும் உதறல் போகவில்லை என்றால் இதை எழுத மறந்திருக்கலாம்.

காற்றுப் பக்கம்

ஏர் ஃபில்டர் சந்தேகம் என்றால் புதியதைப் போட்டுப் பாருங்கள். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் வழக்கம் டர்போ வண்டிக்கு ஆகாது, ஒரு சிறு கல் போதும். டர்போவிலிருந்து காற்றை ஆற்றும் இன்டர்கூலர், அங்கிருந்து மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு ஹோஸையும் அடிப்பக்கம் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கிழிசல் எப்போதும் கண்ணில் படாத அடிப்பக்கம்தான் இருக்கும், சுற்றிலும் ஆயில் படலம் காட்டிக்கொடுக்கும். நின்றபோது மூடியிருக்கும் விரிசல் பூஸ்ட் ஏறும்போது வாய் திறக்கும். "ஃபூ" என்ற காற்றுச் சத்தத்தோடு கருப்புப் புகை தள்ளினால் இதுதான்.

லோடில் மேனிஃபோல்டு பிரஷர் பெரும்பாலான இன்டர்கூலர் வண்டிகளில் 180-லிருந்து 230 கிலோபாஸ்கல் வரை ஏறும். ஏறவில்லை, ஹோஸ் எல்லாம் நன்று என்றால் டர்போ அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டரைக் கை பம்ப் வைத்து அழுத்திப் பாருங்கள். ராட் நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். டர்போ ஷாஃப்ட் பக்கவாட்டில் லேசாக ஆடலாம். வீல் கூட்டில் உரசக் கூடாது, முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியக் கூடாது.

இஜிஆர் திறந்தபடி மாட்டினால் எரிந்த புகையே மறுபடி உள்ளே போகும். இழுவை மந்தம், கருப்புப் புகை. கழற்றிக் கரியைச் சுத்தம் செய்து வால்வு முழுதாக மூடுகிறதா பாருங்கள். தகடு வைத்து அடைப்பதைப் பலர் வைத்தியமாகச் சொல்கிறார்கள். அது இசியூவில் கோடு போட்டு வண்டியை மறுபடி அடக்கவைக்கும்.

பிஎஸ்6-ல் டிபிஎஃப் நிறைந்தாலும் இழுவை போகும். அதன் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசம் ஐடிலில் 1 கிலோபாஸ்கல் அளவுதான் இருக்க வேண்டும். லோடில்லாமல் 3,000 ஆர்பிஎம்மிலேயே 10-ஐத் தாண்டினால் அடைப்பு. ஊருக்குள் மட்டும் ஐந்து, பத்து நிமிடம் ஓடி நிற்கும் வண்டிகளுக்குத்தான் இது அதிகம். கரியை எரிக்க 600 டிகிரி அளவு சூடு வேண்டும், அதற்கு இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பாதியில் அணைத்து அணைத்து விட்டால், எரிக்கக் கூடுதலாக ஊற்றிய டீசல் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள். அந்தச் சூட்டில் வண்டியைக் காய்ந்த வைக்கோல், சருகின் மேல் நிறுத்தவும் வேண்டாம்.

யாரும் பார்க்காத சில

பிரேக் பெடல் ஸ்விட்ச். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபடுவதாக இசியூ நினைத்தால் சக்தியைக் குறைத்துவிடும். ஸ்விட்ச் தளர்ந்து, குழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பிரேக் என்று சொன்னால், வண்டி விட்டு விட்டு இழுக்கும். டீசலில் எதை மாற்றினாலும் தீராது. லைவ் டேட்டாவில் பிரேக், கிளட்ச் ஸ்விட்ச் இரண்டையும் ஓட்டும்போது பாருங்கள். ஆக்சிலேட்டர் பெடலில் இரண்டு சிக்னல் உண்டு. பல வண்டிகளில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு வோல்ட் காட்டும். மெதுவாக மிதித்து விடும்போது இரண்டும் எந்த இடத்திலும் துள்ளக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5. எர்த் பட்டையின் இரு முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். காய்கறி, அரிசி ஏற்றும் வண்டிகளில் எலி வயரைக் கடிப்பது சாதாரணம், இன்ஜெக்டர் ஹார்னஸை (வயர்க் கட்டு) முழு நீளமும் தடவிப் பாருங்கள்.

பெட்ரோல், சிஎன்ஜி பிக்கப்புகளில் மிஸ் என்றால் முதலில் ஸ்பார்க் பிளக், காயில். 1-ஆம் சிலிண்டர் காயிலை 3-க்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் காயில், போகாவிட்டால் பிளக்கை இதே மாதிரி மாற்றுங்கள். சிஎன்ஜியில் மட்டும் மிஸ், பெட்ரோலில் சரி என்றால் பிளக் இடைவெளியை அளவெடுங்கள். வாயுவில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்து 1.2 மி.மீ. ஆன பிளக் பெட்ரோலில் சமாளிக்கும், சிஎன்ஜியில் சமாளிக்காது.

வேலை முடிந்ததும் லோடில்லாத வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடாதீர்கள். வந்தபோது இருந்த அதே லோடு, அதே மேடு, மூன்றாவது கியர், முழு ஆக்சிலேட்டர். ரெயில் பிரஷரும் பூஸ்ட்டும் கேட்டபடி வருகிறதா என்று மறுபடி பதிவு செய்து, முதலில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். வண்டியை அன்றிரவு பட்டறையிலேயே நிறுத்தி, காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜெக்டர் பைப் நட்டுகளின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று அட்டைத் துண்டை வைத்துப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள்.